மகனுக்குப் படகு வாங்கித் தரலாமா?

கேள்வி: என் அப்பா பாய் கட்டிய வத்தைப் படகில் மீன்பிடித் தொழிலுக்குப் போனவர். நான் விசைப்படகில் பங்கு வைத்து மாடி வீடு கட்டிவிட்டேன். மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். கையில் 8 லட்சம் இருக்கிறது. இன்னும் 10 லட்சம் வட்டிக்கு வாங்கிப் பழைய விசைப்படகு ஒன்றை எடுத்துத் தரவா, வளைகுடாவுக்கு அனுப்பவா? என்னைவிட நன்றாக வாழ்வானா? பத்தாவது படிக்கும் மகளும் இருக்கிறாள்.
- வாசகர், தங்கச்சிமடம்

பதில்: வாழலாம். ஆனால் நீங்கள் ஏறிய படியில் ஏறி அல்ல. உங்கள் அப்பாவைவிட நீங்கள் உயர்ந்ததற்கு உங்கள் உழைப்போடு இன்ஜினும் இறால் ஏற்றுமதியும் கைகொடுத்தன. அந்த ஏற்றம் ஒரு தடவை வருவது. அமெரிக்காவிலேயே, 1940-ல் பிறந்தவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் பெற்றோரைவிட அதிகம் சம்பாதித்தார்கள். 1980-களில் பிறந்தவர்களில் பாதிப் பேர்தான் என்று பொருளாதார அறிஞர் ராஜ் செட்டி குழுவின் ஆய்வு சொல்கிறது.

படகுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வாரத்தில் மூன்று நாள் தொழில் என்றால் வருடத்துக்கு 156 நடை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அதில் 26 நடை போகும். புயல் எச்சரிக்கை, வேலைநிறுத்தம், இன்ஜின் கோளாறு எல்லாம் கழித்து 100 நடை தேறினால் பெரிது. 10 லட்சத்துக்கு இரண்டு வட்டி மாதம் 20,000, வருடம் 2,40,000. ஆக, டீசலும் ஐஸும் ஏற்றுவதற்கு முன்பே ஒவ்வொரு நடைக்கும் 2,400 ரூபாய் வட்டிக்காரருக்கு. தடைக்கால இரண்டு மாதம் வட்டி மட்டும் 40,000, அரசு நிவாரணமோ 8,000.

விற்பவர் ஏன் விற்கிறார் என்றும் விசாரியுங்கள். பதிவுச் சான்றும் உரிமமும் அவர் பெயரில் இருக்கிறதா? வியாபாரியிடம் வாங்கிய அட்வான்ஸ் பாக்கி படகோடு வருகிறதா? வந்தால், அது தீரும்வரை அந்த வியாபாரி சொன்ன விலைக்குத்தான் மீன் போட வேண்டும். பாக் நீரிணையில் இலங்கை எல்லையும் கிட்டத்தில். ராமேஸ்வரத்திலிருந்து கச்சத்தீவே சுமார் 12 கடல் மைல்தான். படகு கடலடியில் இழுத்துச் செல்லும் வலையான இழுவை மடியை இலங்கை 2017-ல் தடை செய்துவிட்டது. பிடிபட்டால் படகு போகும், கடன் போகாது. கடன் வாங்கி இந்தப் படகு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

வளைகுடாவுக்கு அவசரப்படாதீர்கள். பத்தாவது தேறியவர் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். (குடிபெயர்வுச் சரிபார்ப்பு தேவை) முத்திரை இருக்காது, குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஆனால் அந்த அனுமதியோடு நடக்கும் ஒப்பந்தச் சரிபார்ப்பும் கிடையாது. அதனால் ஏஜெண்டின் உரிம எண்ணை மத்திய அரசின் 'இ-மைக்ரேட்' தளத்தில் நீங்களே பாருங்கள். அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும், மொத்தம் 35,400. லட்சக்கணக்கில் கேட்டாலோ, விசிட் விசாவில் போய் மாற்றிக்கொள்ளலாம் என்றாலோ எழுந்து வந்துவிடுங்கள். அங்கே மீன்பிடி வேலை பல இடங்களில் பங்குக்குத்தான். மாதச் சம்பளம் எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும்.

கடல்தான் வேண்டும் என்று மகன் நின்றால், கொச்சி, சென்னை, விசாகப்பட்டினத்தில் இருக்கும் மத்திய அரசின் 'சிஃப்நெட்' நிறுவனத்தில் இரண்டு வருடப் பயிற்சி இருக்கிறது: கப்பல் செலுத்தும் 'வெசல் நேவிகேட்டர்', இன்ஜினுக்கு 'மரைன் ஃபிட்டர்'. அடிப்படைத் தகுதி பத்தாம் வகுப்பு. கணக்கு, அறிவியல் மதிப்பெண் பார்ப்பார்கள். வயது வரம்பு இருப்பதால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று விடக்கூடாது. உங்கள் 8 லட்சத்தில் பெரும்பகுதி கையிலேயே நிற்கும். பயிற்சி முடித்துக் கப்பலில் ஏறி, தேவையான கடல் நாட்கள் சேர்ந்தபின் தேர்வு எழுதினால் சான்றிதழ் அவன் பெயரில் இருக்கும். அதை யாரும் ஏலம் விட முடியாது.

மகளைக் கடைசியில் ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்தவருக்குக் கல்லூரியில் 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். அவர் அப்படிப் படிப்பவராக இருந்தால், ரிசல்ட் வந்ததும் பெருமைக்காகத் தனியார் பள்ளிக்கு மாற்றிவிடாதீர்கள். அந்த உதவி போய்விடும். பதினொன்றில் கணக்கோடு உயிரியலும் உள்ள குரூப்பாக எடுத்தால் மீன்வளம் உட்படப் பல படிப்புகளுக்கு வழி திறந்திருக்கும். மீன்வளப் பட்டப்படிப்புக்கு உயிரியல் கேட்பார்கள்.