வேலையிட வினா விடை: மழை வருமுன் யாரை அனுப்புவது?

கேள்வி: பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் பொட்டலமிடும் சிறிய தொழிற்கூடம் ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். என் பொறுப்பில் 28 பேர். அவர்களில் 12 பேர் அக்கரையில் உள்ள பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் பினாங்குப் பாலம் கடந்து வருகிறார்கள். போன மாதம் ஒரு நாள் பிற்பகல் மூன்று மணிக்கு இடியுடன் கூடிய மழை எச்சரிக்கை வந்தது. முதலாளியைக் கேட்டேன். "பார்க்கலாம்" என்றார். ஐந்தரைக்கு வழக்கம்போல் விட்டோம். கொட்டுகிற மழையில் ஒரு பையன் பாலத்தில் சறுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டான். அடுத்த வாரம் மறுபடியும் எச்சரிக்கை. யாரையும் கேட்காமல் நான்கு மணிக்கு அனைவரையும் அனுப்பிவிட்டேன். ஒரு சொட்டு விழவில்லை. முதலாளி எல்லார் முன்னிலையிலும் என்னை ஏசினார். நான் செய்தது தவறா, அம்மா?
(பெயர் வேண்டாம் என்கிற வாசகர், பாயான் லெப்பாஸ்)

பதில்: தம்பி, உங்களை எல்லார் முன்னிலையிலும் ஏசியது எனக்கு வலிக்கிறது. மழை வரவில்லை என்பதற்காக உங்கள் முடிவு தவறாகிவிடாது. நான்கு மணிக்கு உங்கள் கையில் இருந்தது ஓர் எச்சரிக்கையும், ஒரு வாரத்துக்கு முன் முறிந்த ஒரு மணிக்கட்டும். அவற்றை வைத்துத்தான் முடிவெடுத்தீர்கள். ஆனால் 28 பேரையும் ஒன்றாக வெளியே விட்டீர்களே, அது சரியில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

நானும் அந்த வட்டாரத்தில்தான் 26 ஆண்டுகள் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் உழைத்தேன். 1998 அக்டோபரில் ஒரு மாலை, சரக்கு அன்றிரவே போயாக வேண்டும். என் வரிசையில் இருந்த ஒரு பெண் வந்து, "அக்கா, கடல் பக்கம் கறுத்துவிட்டது. நான் கொஞ்சம் முன்னால் கிளம்பட்டுமா?" என்று கேட்டாள். "இந்த ஒரு தட்டை முடித்துவிட்டுப் போம்மா" என்றேன். முடித்துவிட்டுத்தான் போனாள். மூன்றாம் நாள் வேலைக்கு வந்தபோது இடது உள்ளங்கையில் தோலே இல்லை. மஞ்சள் மருந்து காய்ந்து வெடித்திருந்தது. பாலத்தில் காற்று வண்டியைத் தள்ளிவிட்டது, கையை ஊன்றி விழுந்திருக்கிறாள். கையுறை போட முடியாததால் என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வலது கையால் மட்டும் ஒட்டுச்சீட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். பதினொரு நாள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தேன். அந்தத் தட்டில் 48 மின்சுற்றுப் பலகைகள். இன்றும் மறக்கவில்லை.

உங்கள் முதலாளி காரில் போகிறவராக இருக்கலாம். பாலத்தின் நீளம் 13.5 கிலோமீட்டர், அதில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேல். சாலையில் மழை பிடித்தால் மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்கலாம். அங்கே ஒதுங்க இடமே கிடையாது. ஏறிவிட்டால் அக்கரை சேரும்வரை நனைந்துகொண்டு, பக்கவாட்டுக் காற்றை வாங்கிக்கொண்டுதான் ஓட்ட வேண்டும்.

எச்சரிக்கையையும் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் அறிகுறி தெரிந்தால் வானிலைத் துறையான மெட் மலேசியா இதை விடுக்கிறது. ஒருமுறை விடுத்தால் ஆறு மணி நேரத்துக்கு மேல் செல்லாது. பாலிக் பூலாவில் கொட்டும், உங்கள் வாசலில் வெயில் அடிக்கும். வருமா வராதா என்று இழுக்கிற நாட்கள்தான் நமக்கு அதிகம். 2017 நவம்பர் 4ஆம் தேதி தொடங்கிய மழையால் வந்த வெள்ளத்தில் பினாங்கில் ஏழு பேர் இறந்தார்கள். எந்த மேகம் அப்படிப்பட்டது என்று மூன்று மணிக்கு யாரால் சொல்ல முடியும்?

இப்போது, எல்லாரையும் ஒன்றாக விடுவது பற்றி. என் தம்பி மகள் அமெரிக்காவில் அட்லாண்டாவில் இருக்கிறாள். பனி அதிகம் பார்க்காத ஊர். 2014 ஜனவரி 28 அன்று அங்கே விழுந்தது இரண்டரை அங்குலப் பனி, அவ்வளவுதான். ஆனால் நண்பகலை ஒட்டிப் பள்ளிகள், அலுவலகங்கள், அரசாங்கம் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஆட்களை வெளியே விட்டன. சாலைகள் அடைத்துக்கொண்டன. உப்பும் மணலும் தூவப் போன வண்டிகளும் அதே நெரிசலில் மாட்டிக்கொண்டன. ஈரம் உறைந்து பனிக்கட்டியானது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பள்ளியிலேயே இரவைக் கழித்தார்கள். ஒரு குழந்தை நெடுஞ்சாலையிலேயே பிறந்தது. என் தம்பி மகள் பதினான்கு மணி நேரம் காரில் இருந்தாள். வீடு இருபது கிலோமீட்டர் தூரத்தில்.

ஆகவே வரிசை வேண்டும். எச்சரிக்கை வந்தவுடன் பாலம் கடக்கும் மோட்டார் சைக்கிள்காரர்கள் கிளம்பட்டும். அரை மணி கழித்து அக்கரைக்குப் போகும் கார்கள். தீவிலேயே சுங்கை ஆரா, ரெலாவ் பக்கம் இருப்பவர்கள் கடைசிவரை நின்று வேலையை மூடலாம். அவர்களுக்கு ஈடாக வேறொரு நாள் முன்னதாகப் போக விடுங்கள், இல்லாவிட்டால் மனத்தாங்கல் வரும். மழை ஏற்கெனவே பிடித்துவிட்டால் ஒருவரையும் அனுப்பாதீர்கள். மணி அடித்தாலும் சரி, உள்ளே உட்கார வைத்து ஒரு தேநீர் கொடுங்கள். இத்தகைய மழையின் உக்கிரம் பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் தணிந்துவிடும். நனையத் தொடங்கியபின் அனுப்புவதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

முதலாளியிடம் வெயிலடிக்கிற ஒரு காலையில் இந்த வரிசையை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். கூடவே கணக்கும். 12 பேர், ஆளுக்கு ஒன்றரை மணி நேரம், மொத்தம் 18 மணி. குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்றால், 26 நாள், நாளுக்கு எட்டு மணி என்று வகுத்து, மணிக்கு 8 ரிங்கிட் 17 சென். மழை வராமல் ஏமாற்றுகிற ஒரு நாளுக்குச் சம்பளச் செலவு சுமார் 147 ரிங்கிட். உற்பத்தி இழப்பு தனி, அதை மறைக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள். அந்த நேரத்துக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது என்பதையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள். பிடித்தால் அடுத்த முறை பையன்களே போக மாட்டார்கள்.

விழுந்த பையனுக்குத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் பதிந்தாயிற்றா? வேலையிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் நடந்த விபத்துக்கும் பாதுகாப்பு உண்டு, சொந்த வேலையாக வழி மாறிப் போகாமல் இருந்தால். முதலாளி 48 மணி நேரத்துக்குள் தெரிவித்திருக்க வேண்டும். செய்யவில்லை என்றால் இன்றே செய்ய வையுங்கள்.

கேள்வி: என் கணவர் பாலம் கடந்து வேலைக்குப் போகிறார். மழை நாளில் வீடு வரும்வரை போன் அடித்துக்கொண்டே இருக்கிறேன். எடுப்பதில்லை, பயமாக இருக்கிறது.
(ஒரு வாசகி, புக்கிட் மெர்தாஜாம்)

பதில்: எடுக்காமல் இருப்பதுதான் நல்லது, தங்கச்சி. சட்டைப்பையில் போன் அதிர்ந்தால் ஈரச் சாலையில் அவர் கவனம் ஒரு நொடி அங்கே போகும். இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: பாலத்தில் ஏறுவதற்கு முன் ஒரு செய்தி, பிறைக் கரையில் இறங்கி வண்டியை ஓரம் நிறுத்தியபின் ஒரு செய்தி. முதல் செய்தி வந்ததும் போனைத் தூர வைத்துவிட்டு அவருக்குச் சுடுநீர் போடுங்கள்.