வேலை போனதையும் பிப் விண்ணப்பத்தையும் ஒன்றாக முடிச்சுப் போடாதீர்கள்

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறேன், வயது 52, பிரித்தானியக் குடியுரிமை உண்டு. பல ஆண்டுகள் கிடங்கில் சுமை தூக்கியதில் முதுகெலும்புத் தட்டு விலகிவிட்டது. சென்ற ஆண்டு ஆட்குறைப்பில் வேலையும் போய்விட்டது. வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் யுனிவர்சல் கிரெடிட் வருகிறது. நீண்டகால நோயோ உடற்குறையோ உள்ளவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகையான பிப் (PIP) கேட்கலாம் என்கிறார்கள். ஆனால் வேலையில்லாதவர்கள் நோயைக் காட்டிப் பணம் பெறுவதாகச் செய்திகளில் சொல்கிறார்கள். வேலை கிடைத்தால் பிப் நின்றுவிடுமா? மனைவியை இலங்கையிலிருந்து அழைக்கும் விசாவுக்குத் தடையாகுமா? படிவம் நிரப்ப ஒருவர் 400 பவுண் கேட்கிறார்.

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு பென்னிகூடக் கொடுக்காதீர்கள். சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனைத் தொண்டு நிறுவனத்தின் அலுவலகம் இதை இலவசமாகச் செய்கிறது. பணம் வாங்கும் தரகர்கள் பலருக்கும் ஒரே விடையைத்தான் எழுதித் தருகிறார்கள்: ‘நடக்க முடியாது, சமைக்க முடியாது, குளிக்க முடியாது.’ உங்கள் குடும்ப மருத்துவரின் குறிப்பில் ‘நடந்து வந்தார்’ என்று இருக்கும். மதிப்பீட்டாளர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். பொய் சொன்னவர் என்ற பெயர் உங்களுக்கு வரும், தரகருக்கு வராது. மொழிபெயர்க்கத் தானே வருவதாகவும் சொல்வார். வேண்டாம், கேட்டால் மொழிபெயர்ப்பாளரைப் பிப் வழங்கும் அரசுத் துறையே இலவசமாக ஏற்பாடு செய்யும்.

வேலை கிடைத்தால் பிப் நிற்காது. வருமானம், சேமிப்பு எதையும் அது பார்ப்பதில்லை. பெறுவோரில் ஆறில் ஒருவர் அளவில் வேலைக்குப் போகிறவர்கள்தாம். இது தெரியாமல் நம்மவர்கள் படிவம் முழுக்க ‘வேலை செய்ய முடியவில்லை’ என்றே எழுதுகிறார்கள். பிப் புள்ளிக் கணக்கில் கிடைப்பது, அதற்கு ஒரு புள்ளியும் இல்லை. கேட்பது சமையல், குளியல், உடுத்தல், கழிப்பறை, நடை போன்றவற்றைத்தான். நாற்காலியில் உட்கார்ந்துதான் காய் நறுக்குகிறீர்களா, குளியலறையில் பிடிமானக் கம்பி வேண்டுமா, காலுறை போட யாராவது உதவுகிறார்களா என்று எழுதுங்கள். இப்படி ஒவ்வொன்றும் பெரும்பாலும் 2 புள்ளி. அன்றாட வாழ்வுப் பகுதியில் 8 சேர்ந்தால் தொகை உண்டு. மாதத்தில் பாதிக்கு மேற்பட்ட நாள்கள் எப்படி இருக்கிறீர்களோ அதை எழுதுங்கள். ஒரு தடவை செய்து மறுதடவை முடியாமல் போனால், அதையும்.

2025இல் அரசு கை வைக்கப் பார்த்தது இப்படி இரண்டிரண்டாகச் சேர்ப்பவர்கள் மேல்தான்: ஏதாவது ஒரு செயலிலாவது 4 புள்ளி வேண்டும் என்றார்கள். ஆளுங்கட்சி எம்பிக்களே எதிர்த்ததால் ஜூலையில் அந்தப் பகுதியைக் கைவிட்டார்கள். யுனிவர்சல் கிரெடிட்டின் உடல்நலத் தொகையை மட்டும், 2026 ஏப்ரலிலிருந்து புதிதாகச் சேருவோரில் பெரும்பாலோருக்கு ஏறக்குறைய பாதியாக்கினார்கள்.

செய்தி கேட்டுக் கூசுகிறீர்களே, வேலையில்லாமல் நோய்க்கான தொகை பெறும் இந்தக் கூட்டத்தை உருவாக்கியவர்கள் யார்? 1980களில் வேல்ஸிலும் வட இங்கிலாந்திலும் சுரங்கங்களை மூடியபோது, வேலையிழந்த ஆயிரக்கணக்கானவர்கள் நோயாளர் உதவித்தொகைக்குப் போனார்கள். வேலையில்லாதோர் கணக்கு குறைந்தது, ஆட்சியாளருக்கும் அது வசதியாக இருந்தது. 25 வயதோ அதற்கு மேலோ ஆன தனிநபருக்கு யுனிவர்சல் கிரெடிட்டின் அடிப்படைத் தொகை 2025-26இல் மாதம் 400 பவுண்தான் இருந்தது. அதில் லண்டனில் எப்படி வாழ்வது? உடம்பு உடைந்த ஐம்பது வயதுக்காரருக்கு வேலை தர முதலாளியும் இல்லை. அவர் கதவைத் தட்டினால் மட்டும் ‘கேட்போர் பெருகிவிட்டார்கள்’ என்று கூப்பாடு போடுகிறார்கள். நீங்கள் கூச வேண்டியதில்லை.

இனி விசா. இங்கேதான் நம் சமூகத்தில் தவறான தகவல் அதிகம். நீங்கள் குடிமகன், நீங்கள் பெறும் பிப் உங்கள் உரிமை, மனைவியின் விண்ணப்பத்தைக் கெடுக்காது. மாறாக, அழைப்பவர் பிப் பெற்றால் ஆண்டுக்கு 29,000 பவுண் வருமானம் காட்டும் விதி அவருக்குப் பொருந்தாது. வாடகை போக மீதி, அரசு வைத்திருக்கும் அடிப்படை வாழ்க்கைச் செலவுத் தொகைக்குக் குறையாமல் இருப்பதைக் காட்டினால் போதும். ஆனால் ‘விண்ணப்பித்திருக்கிறேன்’ என்பது செல்லாது. தொகை வழங்கியதாகச் சொல்லும் முடிவுக் கடிதம் கையில் இருக்க வேண்டும். அது வராமல் விசாக் கட்டணத்தைக் கட்டாதீர்கள். ‘பிப் எடுத்தால் விசா போய்விடும்’ என்பதும், ‘விசாவுக்காகவே பிப் எடுத்துத் தருகிறேன்’ என்பதும் ஒரே தரகரின் வாயிலிருந்து வருவதுதான். பதிவு பெற்ற குடிவரவு ஆலோசகரிடம் மட்டும் பேசுங்கள். மனைவி வந்தபின் தன் பெயரில் உதவித்தொகை கேட்கக்கூடாது. அவருடைய விசாவில் அதற்குத் தடை இருக்கும், மீறினால் அவருக்குத்தான் சிக்கல்.

படிவம் வந்தால் திருப்பி அனுப்ப ஒரு மாதம் தருகிறார்கள். மருத்துவமனைக் கடிதங்களின் நகலை இணையுங்கள், மூலத்தை அனுப்பாதீர்கள். மறுத்தால் ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேளுங்கள். அதிலும் பலருக்கு ‘இல்லை’ என்றே பதில் வரும். அத்தோடு களைத்து ஒதுங்கிவிடாதீர்கள், தீர்ப்பாயம் வரை போங்கள். கட்டணம் இல்லை. அங்கே விசாரணைக்குப் போகும் வழக்குகளில் பெரும்பாலானவை விண்ணப்பதாரர் பக்கமே முடிகின்றன.