வகுப்பறைக்குக் காற்றுத் தர மீட்டர் வாங்கலாமா?

கேள்வி: டர்பன், சாட்ஸ்வொர்த்தில் ஒரு பள்ளியின் நிர்வாகக் குழுவில் பெற்றோர் சார்பாக இருக்கிறேன். மத்தியானமானால் பிள்ளைகள் தூங்கி வழிகிறார்கள், தலைவலி என்கிறார்கள். ஆன்லைனில் ஏழு விஷயங்களை அளக்கும் காற்றுத் தர மீட்டர் மலிவாகக் கிடைக்கிறது. வகுப்புக்கு ஒன்று வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். அறையில் காற்று மாறுகிறதா என்பதை, நாம் மூச்சில் விடும் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு சேர்கிறது என்பதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். அந்தப் பணத்தில் அதை ஒழுங்காக அளக்கிற ஒரே ஒரு மீட்டரை வாங்கி, வகுப்பு வகுப்பாக மாற்றி வையுங்கள். மலிவு மீட்டர்கள் பலவற்றில் அந்த வாயுவுக்கென்று சென்சாரே கிடையாது, வேறு வாயுக்களை வைத்துக் குத்துமதிப்பாக ஒரு எண்ணைக் காட்டும், பக்கத்தில் ஒரு பிள்ளை சானிட்டைசர் தேய்த்தாலே அது எகிறிவிடும். விவரக் குறிப்பில் 'என்டிஐஆர்' (அகச்சிவப்பு ஒளியால் அந்த வாயுவையே அளக்கும் சென்சார்) என்று இருந்தால் வாங்கலாம். 'இ-சிஓ2' என்றால் அது அந்தக் குத்துமதிப்பு எண்தான், விட்டுவிடுங்கள்.

கைக்கு வந்ததும் திறந்தவெளியில் சிறிது நேரம் வையுங்கள். 420, 450 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு எத்தனை பங்கு என்ற கணக்கு) அளவில் காட்ட வேண்டும். 600 என்று நின்றால் கேலிப்ரேஷன் (மீட்டரின் அளவைச் சரிப்படுத்துவது) செய்து பாருங்கள், அப்புறமும் சரியாகாவிட்டால் திருப்பி அனுப்புங்கள். தென்னாப்பிரிக்கச் சட்டப்படி, தனிநபராக ஆன்லைனில் வாங்கினால், பொருள் வந்து 7 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம், அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. பழுதென்றால் 6 மாதம் வரை ரிப்பேரா, மாற்றா, பணமா என்பது உங்கள் விருப்பம். பள்ளியின் பெயரில் வாங்கினால் அந்த 7 நாள் சலுகை பொருந்தாது, கடைக்காரரிடம் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அளப்பதையும் பார்த்துச் செய்ய வேண்டும். நாம் விடும் மூச்சில் சுமார் 40,000 பிபிஎம் இருக்கிறது, ஆகவே யார் முகத்துக்கும் நேரே வேண்டாம், ஜன்னலோரமும் வேண்டாம், உட்கார்ந்த பிள்ளையின் தலை உயரத்தில் இருக்கட்டும். ஜூன் குளிரில் ஜன்னல்களைச் சாத்திப் பாடம் நடக்கும் நாளில் அளந்தால்தான் உண்மை தெரியும். 1,000க்குள் இருந்தால் சரி. 1,500ஐத் தாண்டினால் அறையில் காற்று மாறவில்லை என்று அர்த்தம், எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிட்டுப் பாருங்கள், மளமளவென்று இறங்கும்.

இந்த எண் குறைந்ததால் காற்றே சுத்தம் என்று நினைக்க வேண்டாம். டர்பனின் மெர்பேங்க் பகுதி மாதிரி ஆலைகளை ஒட்டிய இடத்துப் பள்ளியில் ஜன்னலைத் திறந்தால் புகையும் தூசியும்கூட உள்ளே வரும், அதற்கு நுண்தூசியை அளக்கும் பிஎம்2.5 மீட்டர் தனியாக வேண்டும். பிப்ரவரியில் தூங்கி வழிந்தால் வெக்கைதான் காரணமாக இருக்கலாம், ஒரு தெர்மாமீட்டர் போதும். தலைவலி ஒரே வகுப்பில் மட்டும் என்றால் அங்கே புதுப் பெயின்ட் அடித்தார்களா, பலகை அலமாரி ஏதும் புதிதாக வந்ததா என்று விசாரியுங்கள். அதிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு என்ற வாயுவையும் அளப்பதாக அந்த ஏழு-அளவு மீட்டர் சொல்லும், நம்பாதீர்கள்.