கழுத்துப் பட்டையால் எத்துப்பல் உள்ளே போகுமா?

கேள்வி: தமிழக–கேரள எல்லையில் களியக்காவிளை பக்கம் வசிக்கிறோம். 11 வயது மகனுக்கு மேல்பற்கள் எத்தியிருக்கின்றன. தலையை முன்னால் நீட்டியே நடக்கிறான். கழுத்து நேரானால் பல் தானாக உள்ளே போய்விடும் என்று ஓர் ஏஜென்ட் எல்லை தாண்டி ஒரு கிளினிக்குக்கு அழைக்கிறார். மோவாயைத் தாங்கும் பட்டை, ஸ்கேன் எல்லாம் சேர்த்து ஒரே தொகையாம். முன்பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள்.

எத்துப்பல்லும் உள்வாங்கிய கீழ்த்தாடையும் உள்ள பிள்ளைகளில் பலர் தலையை முன்தள்ளி வைத்திருப்பது உண்மைதான். அதற்காகக் கழுத்துதான் பல்லைக் கெடுத்தது என்று சொல்லிவிட முடியாது. பல பிள்ளைகளுக்கு இரண்டுக்கும் பின்னால் இருப்பது மூக்கடைப்பு. மூக்கின் பின்புறம் இருக்கும் அடினாய்டு சதை பெருத்தோ ஒவ்வாமையாலோ மூக்கு அடைத்தால் பிள்ளை வாயால் மூச்சு விடும். காற்றுக்கு வழி தேடித் தலை முன்னே நீண்டு மோவாய் உயரும். நாக்கு கீழே இறங்கும். அதன் தாங்கல் இல்லாமல் மேல்தாடை குறுகி, முன்பற்கள் வெளியே தள்ளும். பட்டை கட்டினால் மூக்கு திறந்துவிடுமா?

இன்றிரவு மகன் தூங்கும்போது பாருங்கள். வாய் பிளந்திருந்தாலோ குறட்டை வந்தாலோ முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள்.

மோவாயைத் தாங்கும் பட்டை என்றதும் எனக்குக் கோபம் வருகிறது. முதுகெலும்பு வளைவுக்காக அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1940களில் உடம்பில் மாட்டும் ஒரு சட்டகம் செய்தார்கள். அது மோவாயை அழுத்தியதால் வளரும் பிள்ளைகளின் தாடையும் பற்களும் உருமாறின. பிறகு அந்த அமைப்பையே மாற்ற வேண்டியதாயிற்று. பல்லைச் சீராக்க விற்கும் பொருள் பல்லையே கெடுக்கலாம்.

ஏஜென்ட் காட்டும் ‘முன்–பின்’ படங்களையும் நம்பாதீர்கள். நிமிர்ந்து உட்கார்ந்து பற்களை மெல்லத் தட்டிப் பாருங்கள். பிறகு கூரையைப் பார்த்தபடி தட்டுங்கள். பற்கள் தொடும் இடம் பின்னால் நகர்வது தெரியும். தலையின் சாய்வை மாற்றினாலே கடிப்பு மாறுகிறது; படத்தில் முகத்தின் தோற்றமும் அப்படித்தான். முதல் படத்தில் மோவாயைத் தாழ்த்தி, அடுத்ததில் உயர்த்தினால் தாடையே வளர்ந்தது போல் தோன்றும். இதற்குத்தான் ஸ்கேனும் கமிஷனும்.

கழுத்தே காரணமாக இருக்கும் நிலை ஒன்று உண்டு. பிறவியிலேயே கழுத்தின் ஒரு பக்கத் தசை இறுகியிருந்தால் தலை ஒருபுறம் சாய்ந்து, மோவாய் மறுபுறம் திரும்பியிருக்கும். கவனிக்காமல் விட்டால் முகம் ஒருபக்கம் சிறுத்து வளரும். பற்களின் வரிசையும் சரியும். கைக்குழந்தையிலேயே கண்டால் கழுத்தை நீட்டி மடக்கும் பயிற்சியிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும். பிந்தினால் அறுவை வரை போகலாம். மகனின் பழைய படங்களை எடுத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். முன்னால் நீட்டுவது வேறு, ஒருபக்கம் சாய்வது வேறு. அப்போதும் இந்தப் பட்டை தேவையில்லை.

பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு சொத்தைப் பல்லைக் குறித்துக்கொண்டு போய்விடுகிறது; கடிப்பைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. அந்த இடைவெளியில்தான் ஏஜென்ட் நுழைகிறார். மேல்பல் கீழ்ப்பல்லைவிட 2, 3 மில்லிமீட்டர் முன்னால் இருப்பது இயல்பு. அதற்கு மேல் என்றால் பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். என்ற மேற்படிப்பு படித்தவரிடம் காட்டுங்கள். திருவனந்தபுரம் அரசுப் பல் மருத்துவக் கல்லூரியில் அதற்கென்றே துறை இருக்கிறது. தாடை வளரும் வயது இது; தள்ளிப் போடாதீர்கள்.

ஏஜென்ட் மறுபடி வந்தால், பட்டையை எழுதித் தரும் மருத்துவரின் பெயரையும் பதிவு எண்ணையும் எழுதிக் கேளுங்கள். கேரளத்தில் பதிவு செய்தவரைக் கேரளப் பல் மருத்துவக் கவுன்சிலின் பட்டியலில் தேடலாம். பிறகு தகராறு என்று போனால் இரண்டு மாநிலங்களுக்கும் அலைய வேண்டியிருக்கலாம்; ஆகவே ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.