ரிசீவர் வாங்கியவர்கள் சொல்வதில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது?

கேள்வி: எங்கள் ஹால் பன்னிரண்டுக்குப் பதினான்கு அடி. சின்ன புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் இரண்டு ஜோடியும் தாழ்ந்த ஒலிக்கென்று ஒரு சப்வூஃபரும் கையில் இருக்கின்றன. சென்டர் ஸ்பீக்கர் இனிமேல்தான் வாங்க வேண்டும். விலை குறைந்த 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) ஏவி ரிசீவர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஏற்கெனவே வாங்கியவர்களின் கருத்துகளைப் படித்தால் தலை சுற்றுகிறது. ஒருவர் ‘தியேட்டரே தோற்றது’ என்கிறார். இன்னொருவர் ‘பேஸே இல்லை, வசனமும் கேட்கவில்லை’ என்கிறார். மூன்றாமவர் ‘எட்டு மாதத்தில் படுத்துவிட்டது’ என்கிறார். மூவரும் சொல்வது ஒரே மாடலைத்தான். யாரை நம்புவது?

பதில்: மூவருமே பொய் சொல்லவில்லை. ஆனால் முதல் இருவர் பேசுவது ரிசீவரைப் பற்றி அல்ல. தங்கள் ஸ்பீக்கர், தங்கள் அறை, தாங்கள் செய்த செட்டிங்ஸ், இவற்றைப் பற்றித்தான். அது அவர்களுக்கே தெரியாது. மூன்றாமவரின் பேச்சைத்தான் நின்று கேட்க வேண்டும். அதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

ரிசீவருக்குள் நடப்பது இதுதான்: எச்டிஎம்ஐ வழியாக வரும் ஒலியைப் பிரித்து, ஐந்து வழிகளில் பெருக்கி, ஸ்பீக்கர்களுக்கு அனுப்புகிறது. படத்தை டிவிக்குத் தள்ளிவிடுகிறது. இந்த விலையில் கிடைக்கும் நான்கைந்து ரிசீவர்களை, அறைக்கேற்ப ஒலியைத் திருத்தும் ரூம் கரெக்ஷனை அணைத்துவிட்டு, வீட்டில் வழக்கமாகக் கேட்கும் சத்தத்தில் ஒரே ஸ்பீக்கரில் மாற்றி மாற்றிக் கேட்டால், எது எது என்று கண்டுபிடிப்பது பழகிய காதுக்கே கஷ்டம். ‘இதன் ஒலி தேன்’, ‘இதன் ஒலி தகரம்’ என்பவற்றை எல்லாம் தயங்காமல் தாண்டிப் போகலாம். தியேட்டரே தோற்றது என்று எழுதியவர் அதற்கு முன் எதில் கேட்டுக்கொண்டிருந்தார் என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் டிவியின் சொந்த ஸ்பீக்கராக இருக்கும். கீழ்ப்பக்கமோ பின்பக்கமோ பார்த்தபடி இருக்கும் அந்த ஸ்பீக்கரிலிருந்து வருபவருக்கு எதுவும் தியேட்டர்தான்.

இப்போது இரண்டாமவர். ‘பேஸே இல்லை’ என்ற புகாரை எந்த மாடலின் கீழும் பார்க்கலாம். எனக்குத் தெரிந்த வரையில் அதற்கு அடிக்கடி வரும் காரணம் ரிசீவரின் மெனுவில் இருக்கிறது. ஸ்பீக்கர் அளவு என்று ஒரு இடம் உண்டு. அதில் முன் ஸ்பீக்கருக்கு ‘லார்ஜ்’, ‘ஸ்மால்’ என்று இரண்டே தேர்வுகள். நான்கு அங்குல வூஃபர் வைத்த சின்ன ஸ்பீக்கரையும், மைக் வைத்து அளக்கும் தானியங்கி அமைப்பு சில நேரம் ‘லார்ஜ்’ என்று பதிந்துவிடும். அப்படிப் பதிந்தால் முன் ஸ்பீக்கர்களின் தாழ்ந்த ஒலி சப்வூஃபருக்குப் போகவே போகாது. சின்ன ஸ்பீக்கரால் அதை எழுப்ப முடியாது, சப்வூஃபரோ படத்தில் தனக்கென்று ஒதுக்கிய தடத்துக்காக மட்டும் காத்துக்கொண்டிருக்கும். பாட்டு கேட்டால் அது முழுச் சும்மா. எல்லா ஸ்பீக்கரையும் ‘ஸ்மால்’ ஆக்கி, கிராஸ்ஓவரை (எந்த அளவுக்குக் கீழே உள்ள ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லையை) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். உங்கள் ஸ்பீக்கர் ரொம்பச் சின்னதென்றால் 100 அல்லது 120. சப்வூஃபரின் பின்னால் அதற்கென்று தனியாக ஒரு கிராஸ்ஓவர் திருகு இருக்கும், அதை ஆக உயர்ந்த எண் வரை திருப்பிவிடுங்கள். ஒரே வேலையை இரண்டு பேர் செய்ய வேண்டாம்.

அப்புறம் இன்னொரு குறும்பு: பல சப்வூஃபர்களில் ‘ஆட்டோ’ என்ற சுவிட்ச் இருக்கும். சிக்னல் வந்தால்தான் கண் விழிக்கும். ராத்திரி சத்தத்தைக் குறைத்துப் படம் பார்த்தால் அந்தச் சிக்னல் போதாமல் தூங்கிக்கொண்டே இருக்கும். திட்டு வாங்குவது ரிசீவர்.

வசனம் கேட்கவில்லை என்பதும் இதே கதைதான். 5.1 படத்தில் வசனத்தின் பெரும்பகுதி சென்டர் தடத்தில்தான் இருக்கிறது. சென்டர் ஸ்பீக்கர் இல்லாமலே மெனுவில் ‘சென்டர் உண்டு’ என்று விட்டுவைத்தால், வசனமெல்லாம் அந்த இல்லாத ஸ்பீக்கருக்குப் போய்க் காணாமல் போகும். உங்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். சென்டர் வாங்கும் வரை அதை ‘நன்’ (None, அதாவது இல்லை) என்று மாற்றி வையுங்கள். வசனம் முன் இரண்டு ஸ்பீக்கருக்கும் பிரிந்து வந்து, நடுவில் யாரோ நின்று பேசுவது போலவே கேட்கும். ஒருவர் மட்டும் நடுவில் உட்கார்ந்து பார்ப்பதானால் சென்டரே வேண்டாம் என்றுகூடச் சொல்வேன். ஓரத்தில் உட்காருபவருக்குத்தான் அது அவசியம்.

பின் ஸ்பீக்கரில் சத்தமே இல்லை என்று எழுதுபவர்களில் பலருக்குக் குற்றவாளி டிவி. டிவியின் ஒலி மெனுவில் டிஜிட்டல் அவுட்புட் ‘பிசிஎம்’ என்று இருந்தால், ஏஆர்சி (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிளிலேயே ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வசதி) வழியாக வெளியே வருவது பெரும்பாலும் இரண்டு சேனல் மட்டுமே. அதை ‘பிட்ஸ்ட்ரீம்’ அல்லது ‘பாஸ்த்ரூ’ ஆக்கினால் ரிசீவரின் முன்பலகையில் டால்பி என்ற எழுத்து வரும். அது வந்துவிட்டால் ரிசீவர் தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம்.

ஒலியளவைப் பற்றியும் ஒரு பீதி உண்டு. ‘மைனஸ் 30இல் வைத்தால்தான் கேட்கிறது, பவரே இல்லை.’ அந்த எண் பவரின் அளவு அல்ல. பூஜ்யம் என்பது சினிமா அரங்கின் ரெஃபரன்ஸ் அளவு. அந்த அளவில் ஒவ்வொரு சேனலும் உச்சத்தில் 105 டெசிபல் வரை போகும், ஹாலில் யாரும் உட்கார முடியாது. மைனஸ் 30, மைனஸ் 25 எல்லாம் வீட்டுக்குச் சாதாரணம். 80க்கு 50 என்று காட்டும் மாடலிலும் விஷயம் அதேதான்.

வாட் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கருத்துகளில் பாதிச் சண்டை இதைப் பற்றித்தான். உதாரணத்துக்கு சோனி எஸ்டிஆர்-டிஎச்590. இந்த வகை விலையில் ரொம்பப் பேர் வாங்கிய 5.2 ரிசீவர், அதாவது இரண்டு சப்வூஃபர் வரை சொருகலாம். பெட்டியில் சேனலுக்கு 145 வாட் என்று இருக்கும். கையேட்டில் இன்னொரு எண்ணும் இருக்கிறது: 90 வாட். முதல் எண், ஒரே ஒரு சேனலை மட்டும் ஓட்டி, 1 கிலோஹெர்ட்ஸ் ஒற்றை ஒலியில், 0.9 சதவீதச் சிதைவை அனுமதித்து, 6 ஓம் (ஸ்பீக்கரின் மின்தடை) சுமையில் அளந்தது. இரண்டாவது, இரண்டு சேனலையும் ஓட்டி, 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை முழு வீச்சில், 0.09 சதவீதச் சிதைவுக்குள் அளந்தது. ஒப்பிடுவதானால் எல்லா மாடலிலும் இரண்டாவது வகை எண்ணைத் தேடி ஒப்பிடுங்கள். ஐந்து சேனலும் ஒன்றாக முழங்கும்போது அதுவும் இறங்கும், ஏனென்றால் உள்ளே இருக்கும் பவர் சப்ளை ஒன்றே ஒன்று.

ஆனால் இதைக் கேட்டுப் பதறவும் வேண்டாம். 145க்கும் 90க்கும் உள்ள வித்தியாசம் காதுக்கு வெறும் 2 டெசிபல். பவரை இரட்டிப்பாக்கினாலும் கூடுவது 3 டெசிபல்தான். சத்தம் இரண்டு மடங்கு என்று காது உணர ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு பவர் வேண்டும். உங்கள் ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி (1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் கேட்கும் சத்தம்) 86 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் 1 வாட்டுக்குச் சுமார் 77, 10 வாட்டுக்கு 87, 100 வாட்டுக்கு 97. அறைச் சுவர்கள் திருப்பி அனுப்புவதால் நிஜத்தில் இதைவிடக் கொஞ்சம் கூடவே வரும். பேச்சும் சாதாரணக் காட்சிகளும் ஒரு வாட்டுக்குப் பக்கத்திலேயே ஓடி முடிந்துவிடும். தாழ்ந்த ஒலியின் சுமையைத் தன் சொந்த ஆம்ப்பை வைத்து சப்வூஃபர் தூக்கிக்கொள்கிறது. உங்கள் ஹாலுக்கு நீங்கள் பார்த்து வைத்த ரிசீவர் போதும். 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் மட்டும் கையேட்டில் அதற்கு அனுமதி இருக்கிறதா பாருங்கள்.

சரி, எட்டு மாதத்தில் படுத்துவிட்டது என்றவர். இவரிடம் நான் இரண்டு கேள்வி கேட்பேன். எங்கே வைத்திருந்தீர்கள்? எப்படிப் படுத்தது?

முதல் கேள்வி சூட்டைப் பற்றியது. இந்த விலை ரிசீவர்கள் சும்மா இருக்கும்போதே கணிசமாகச் சூடாகும். மேல்மூடி முழுக்கத் துளை போட்டிருப்பது அழகுக்காக இல்லை. கதவு மூடிய டிவி அலமாரியில் வைத்து, அதன் தலையில் செட்டாப் பாக்ஸையும் ஏற்றிவிட்டால், எந்த மாடலும் சீக்கிரம் போகும். மேலே ஒரு சாண் இடமாவது விடுங்கள்.

இரண்டாவதற்கு ஒரு கதை இருக்கிறது. நண்பர் ஒருவர் ராத்திரி பத்து மணிக்கு ஃபோன் செய்தார். “வாங்கி ஒரு மாசம்கூட ஆகல, செத்துடுச்சு. ஆன் பண்ணினா ரெண்டு செகண்ட்ல ஆஃப் ஆகுது, சிவப்பு லைட் மினுக்குது.” அதற்குள் ஒற்றை நட்சத்திரம் கொடுத்து நாலு வரி திட்டியும் எழுதிவிட்டார். மறுநாள் போய் ரிசீவரைத் திருப்பி, டார்ச் அடித்துப் பார்த்தேன். முன் வலது ஸ்பீக்கரின் சிவப்பு முனையில் சொருகிய வயரிலிருந்து ஒரே ஒரு செம்பு இழை, தலைமயிர் கனம்கூட இருக்காது, பிரிந்து பக்கத்துக் கறுப்பு முனையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஷார்ட் ஆனதும் ரிசீவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைகிறது. நல்ல ரிசீவர் செய்ய வேண்டியதே அதுதான். வயரைக் கழற்றி, நுனியை முறுக்கி மறுபடி சொருகினோம், ஓடியது. இன்றும் ஓடுகிறது. அந்த ஒற்றை நட்சத்திரமும் இன்றும் அங்கேயே இருக்கிறது, அவருக்கு அழிக்க நேரமில்லை.

ஆகவே ‘அணைந்துவிடுகிறது’ என்ற புகாரைப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ‘எல்லா வயரையும் கழற்றிய பிறகும் அணைகிறது’ என்று ஒருவர் எழுதியிருந்தால் முழு விலை கொடுங்கள்.

நான் உண்மையில் பயப்படுவது எச்டிஎம்ஐ புகார்களுக்குத்தான். படம் சில நொடி கறுத்துத் திரும்புகிறது, டிவியை அணைத்துப் போட்டால் ஒலி வருவதில்லை, எட்டாம் மாதம் எச்டிஎம்ஐ போர்டு போய்விட்டது. இவை ரிசீவரின் உடம்பில் இருக்கும் நோய்கள். ஸ்பீக்கரை மாற்றியோ அறையை மாற்றியோ சரிசெய்ய முடியாது. 2020இல் ஒரு எச்டிஎம்ஐ 2.1 சிப்பின் கோளாறால், விலை உயர்ந்த சில ரிசீவர்களிலேயே புதிய கேம் கன்சோலின் 4கே 120 ஹெர்ட்ஸ் படம் கறுத்துப் போனது. மலிவு மாடலுக்கு மட்டும் வரும் வியாதி இல்லை இது. ஒரே அறிகுறியை, வெவ்வேறு டிவி வைத்திருக்கும் ஐந்தாறு பேர், வெவ்வேறு மாதங்களில் எழுதியிருந்தால் அந்த மாடலை விட்டுவிடுங்கள். ஒருவர் மட்டும் எழுதியிருந்தால் அது அவருடைய கேபிளாகவும் இருக்கலாம்.

கருத்துகளுக்குள் தேடும் வசதி இருக்கும். நட்சத்திரத்தை விட்டுவிட்டு அதில் ஏஆர்சி, சூடு, கறுப்பு, சர்வீஸ் என்று போட்டுப் பாருங்கள். ‘ஒரு வருடம் கழித்து எழுதுகிறேன்’ என்று ஆரம்பிப்பவர் ஒருவர், வாங்கிய அன்று மாலையே எழுதியவர்கள் இருபது பேருக்குச் சமம். பெட்டி நசுங்கி வந்தது, வைஃபை இல்லை என்பவை கணக்கில் சேராது. வைஃபை இல்லை என்று விவரக்குறிப்பிலேயே எழுதியிருக்கும். இந்த வகுப்பில் பலவற்றில் ப்ளூடூத் மட்டும்தான். 5.1இல் அட்மாஸின் (மேலிருந்தும் ஒலி வரும் முறை) உயரச் சத்தம் வரவில்லை என்பதும் அப்படித்தான், ஐந்து ஸ்பீக்கரோடு உயர ஸ்பீக்கர் இரண்டையும் சேர்க்க ஏழு சேனல் வேண்டும்.

அதைவிட முக்கியம், பின்பலகையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது. முன் இரண்டு ஸ்பீக்கருக்கு மட்டும் திருகு முனை, மற்றவற்றுக்கு அமுக்கிச் சொருகும் கிளிப் என்று இருந்தால் தடித்த வயர் நுழையாது. 16 கேஜ் போதும், அதைவிடத் தடித்ததை வாங்கி வைத்து அவதிப்படாதீர்கள். எச்டிஎம்ஐ அவுட்டின் பக்கத்தில் ஏஆர்சி என்ற எழுத்து இருக்கிறதா பாருங்கள். அதுவே அதன் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி என்றால் இன்னும் நல்லது. கேம் கன்சோல் இருந்தால் அதை நேராக டிவியில் சொருகி, ஒலியை மட்டும் அந்த வழியாக ரிசீவருக்கு எடுங்கள். மேலே சொன்ன கறுப்புத் திரைத் தொல்லையில் பாதி இல்லாமல் போகும்.

வாங்கிய பிறகு, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதைச் செய்யுங்கள். நீங்கள் பயன்படுத்தப்போகும் எல்லா எச்டிஎம்ஐ வாயிலிலும் படம் ஓட்டிப் பாருங்கள். டிவியை ஸ்டாண்ட்பையில் போட்டு எழுப்பி, ஒலி தானாகத் திரும்புகிறதா என்று நாளுக்கு ஐந்தாறு முறை பாருங்கள். ஒரு முழுப் படத்தை வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாக ஓட்டிவிட்டு மேல்மூடியில் கை வையுங்கள். வெதுவெதுப்பைத் தாண்டிச் சூடு இருக்கலாம், கையை வைக்கவே முடியாத அளவு இருக்கக் கூடாது. பெட்டியையும் உள்ளே வந்த தெர்மக்கோலையும் வாரண்டி முடியும் வரை தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஏழெட்டுக் கிலோ சாமானை சர்வீஸுக்கு அனுப்பும் நிலை வந்தால் அந்தப் பெட்டிதான் வேண்டும்.