மாதாந்திர மாத்திரைச் செலவு: நீலகிரி வாசகர்களின் கேள்விகளுக்கு ஒரு மருந்தாளுநரின் பதில்கள்

சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு ஆண்டுக்கணக்கில் மருந்து எடுப்பவர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து ஆறு கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஊட்டியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மருந்து எடுத்துக் கொடுத்தவன் என்ற முறையில், எல்லாப் பதில்களுக்கும் அடிப்படையான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் கொடுக்கப்போகும் பணம் கடையில் முடிவாவதில்லை. மருத்துவர் சீட்டில் எந்தப் பெயரை எழுதுகிறார் என்பதிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

கேள்வி: எனக்கு வயது 58. சிறு தேயிலை விவசாயி. சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றுக்கும் நான்கு மாத்திரைகள். மாதம் ஏறக்குறைய 2,800 ரூபாய் ஆகிறது. பச்சைத் தேயிலை விலை இருக்கும் இருப்பில் இது தாங்கவில்லை. எதைக் குறைக்கலாம்? (கோத்தகிரி வாசகர்)

பதில்: உங்கள் சீட்டின் நகலைப் பார்த்தேன். மெட்ஃபார்மின் (சர்க்கரைக்கு), டெல்மிசார்டான் (இரத்த அழுத்தத்துக்கு), அட்டோர்வாஸ்டாட்டின் (கொழுப்புக்கு) ஆகிய மூன்றும் பழைய மருந்துகள், அவ்வளவு விலை இல்லை. பாரத்தின் பெரும்பகுதி நான்காவது மாத்திரையில்தான் இருக்கிறது. அந்த அட்டையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வணிகப் பெயரோடு எம்பாகிளிஃப்ளோசின் என்றும் அச்சிட்டிருக்கும். அதுதான் மருந்து, மற்றது கம்பெனி வைத்த பெயர். சர்க்கரைக்கான இம்மருந்தின் காப்புரிமை, அதாவது வேறு யாரும் தயாரிக்க முடியாதபடி ஒரு கம்பெனிக்கு இருந்த உரிமை, இந்தியாவில் 2025 மார்ச்சில் முடிவடைந்தது. அதுவரை ஒரு மாத்திரை 60 ரூபாய் அளவில் விற்றது. பல கம்பெனிகள் தயாரிக்கத் தொடங்கியதும் அதே மருந்து அதில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவான விலையில் கிடைக்கலாயிற்று. நீங்களோ 2024இல் எழுதிய சீட்டையே காட்டி, பழைய பெயரிலேயே வாங்கி வருகிறீர்கள். சர்க்கரைக்கான மற்ற மாத்திரைகளில் வில்டாகிளிப்டின் 2019இலும், டாபாகிளிஃப்ளோசின் 2020இலும், சிட்டாகிளிப்டின் 2022இலும் இதே வழியில் விலை இறங்கியவை. அவற்றை இன்னும் முதல் கம்பெனியின் பெயரிலேயே வாங்குபவர்களும் தங்கள் சீட்டை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது.

கடைக்காரரிடம் மாற்றித் தரும்படி கேட்காதீர்கள். 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளின்படி, மருத்துவர் சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளில், எழுதியிருப்பதற்குப் பதிலாக வேறொரு தயாரிப்பைக் கொடுக்க அவருக்கு அனுமதி இல்லை. மூலப்பொருள் ஒன்றாகவே இருந்தாலும் இதுதான் விதி. மருத்துவர்கள் மூலப்பெயரில்தான் (கம்பெனி வைத்த பெயரில் அல்ல, மருந்தின் சொந்தப் பெயரில்) எழுத வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட நெறிமுறையும் அதே மாதத்திலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகவே கேட்க வேண்டியவர் நீங்கள்தான். கடைசி மாத பில்லைக் கையோடு கொண்டுபோய், “டாக்டர், மாதம் இவ்வளவு ஆகிறது, இதே மருந்தை மூலப்பெயரில் எழுதித் தருகிறீர்களா?” என்று கேளுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. தாம் எழுதும் மாத்திரை கடையில் என்ன விலைக்கு விற்கிறது என்பது பல மருத்துவர்களுக்கு யாராவது சொன்னால்தான் தெரியவருகிறது.

கேள்வி: எங்கள் பகுதிக் கடையில் 20 விழுக்காடு தள்ளுபடி தருகிறார்கள். அங்கேயே வாங்கலாமா? (குன்னூர் வாசகி)

பதில்: தள்ளுபடி எவ்வளவு என்று பார்க்காமல், ஒரு மாத்திரைக்குக் கடைசியில் என்ன கொடுத்தீர்கள் என்று கணக்கிடுங்கள். 150 ரூபாய் அச்சிட்ட அட்டையை 120க்கு வாங்குவதைவிட, அதே மூலப்பொருளை 40 ரூபாய் அச்சிட்ட அட்டையாகத் தள்ளுபடியின்றி வாங்குவது மலிவு. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவற்றுக்குத் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. சந்தையில் 1 விழுக்காடாவது பங்குள்ள தயாரிப்புகளின் சராசரி விலையை எடுத்து, கடைக்காரருக்கு 16 விழுக்காடு சேர்த்து அதைக் கணக்கிடுகிறார்கள். அது சராசரியிலிருந்து பிறக்கும் வரம்பு என்பதால், அதற்குக் கீழே மிக மலிவான தயாரிப்புகளும் இருக்கும். ‘ஃபார்மா சஹி தாம்’ செயலியில் மருந்தின் பெயரைக் கொடுத்து விலையைச் சரிபார்க்கலாம்.

கேள்வி: மக்கள் மருந்தகத்தில் 10 ரூபாய்க்குக் கிடைக்கும் மாத்திரை வேலை செய்யுமா? மனம் ஒப்பவில்லை. (ஊட்டி வாசகர்)

பதில்: விலை குறைவுக்குக் காரணம் தரக்குறைவு அல்ல. மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களுக்கு மொத்தமாகக் கொள்முதல் செய்கிறார்கள். ஒரே தடவையில் தயாராகும் ஒவ்வொரு தொகுதியும் (பேட்ச்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதிக்கப்பட்ட பிறகே கடைக்கு வருகிறது. விளம்பரச் செலவும், பிரதிநிதிகளை மருத்துவர்களிடம் அனுப்பும் செலவும் இல்லை. தமிழக அரசு 2025 பிப்ரவரி 24 அன்று 1,000 இடங்களில் திறந்த முதல்வர் மருந்தகங்களிலும் மூலப்பெயர் மருந்துகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு மாத்திரைகளை நான் தயங்காமல் அங்கே வாங்கச் சொல்வேன்; என் வீட்டிற்கும் அப்படித்தான் வாங்குகிறேன்.

சில மருந்துகளில் மட்டும் கவனம் தேவை. தைராய்டுக்கான லெவோதைராக்சின், வலிப்புக்கான ஃபெனிடாயின், இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் போன்றவற்றில் அளவு சிறிது கூடினாலும் குறைந்தாலும் உடல் காட்டிக்கொடுத்துவிடும். இவற்றை மலிவான தயாரிப்புக்கு மாற்றவே கூடாது என்பதில்லை. மருத்துவருக்குத் தெரிவித்து ஒருமுறை மாற்றி, அவர் சொல்லும் நாளில் இரத்தப் பரிசோதனை செய்து, பிறகு அதே தயாரிப்பிலேயே நிலைத்திருக்க வேண்டும். மாதத்துக்கொரு கம்பெனி என்று மாறக் கூடாது.

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. மஞ்சூரிலிருந்து ஊட்டிக்கு அழைத்துச் சென்றால் மாத்திரைச் செலவைவிட வண்டிச் செலவு அதிகமாகிறது. காப்பீட்டு அட்டை இருக்கிறது. அதில் மாத்திரை வாங்க முடியுமா? (மஞ்சூர் வாசகி)

பதில்: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது, மாதாந்திர மாத்திரைக்கு அது உதவாது. உங்களுக்கு உதவக்கூடியது 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயரை ஒருமுறை பதிவு செய்துவிட்டால், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகளைப் பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டிற்கே கொண்டுவந்து தருவார். செலவு எதுவும் இல்லை. தனியார் மருத்துவரின் சீட்டில் உள்ள அதே பெயர் அங்கே இருக்காது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வாங்கித் தரும், ‘விற்பனைக்கு அல்ல’ என்று அச்சிட்ட அட்டையே கிடைக்கும். ஆகவே பழைய சீட்டையும் அட்டைகளையும் நிலைய மருத்துவரிடம் காட்டி, எது எதற்குப் பதில் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பழைய மாத்திரையும் புதிய மாத்திரையும் சேர்ந்து ஒரே மருந்து இரண்டு முறை உள்ளே போய்விடும்.

கேள்வி: பேனா இன்சுலின் கட்டுப்படியாகவில்லை. குப்பி மருந்துக்கு மாறலாமா? (எமரால்டு வாசகர்)

பதில்: மாறலாம், ஆனால் மருத்துவர் அளவைத் திருத்தித் தந்த பிறகே மாற வேண்டும். பேனாவில் வழக்கமாக வரும் புதுவகை இன்சுலினைவிட, குப்பியில் வரும் பழைய வகையான மனித இன்சுலின் வெகுவாக விலை குறைவு. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே தருகிறார்கள். இரண்டும் வேலை செய்யும் நேரம் வேறு என்பதால், ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் உள்ள இடைவெளி மாறும். இரவில் சர்க்கரை இறங்கிப்போகும் ஆபத்தும் உண்டு.

ஊசியில் தவறு நேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே கிடைக்கும் மனித இன்சுலின் குப்பியில் வழக்கமாக ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவுக்குள் இருக்கும் மருந்துக் குழலான கேட்ரிட்ஜில் 100 யூனிட். குப்பிக்குச் சிவப்பு மூடியுள்ள 40 யூனிட் சிரிஞ்சுதான் பொருந்தும். காசை மிச்சப்படுத்துவதாக எண்ணி, அந்தச் சிரிஞ்சால் பேனாவின் கேட்ரிட்ஜிலிருந்து உறிஞ்சினால், இரண்டரை மடங்கு மருந்து ஏறிவிடும். அது உயிருக்கே ஆபத்து.

உங்கள் ஊரில் டிசம்பர், ஜனவரி உறைபனி இரவுகளில் குப்பியைச் ஜன்னலோரம் வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் மீண்டும் உருகினாலும் பயன்படாது; கொட்டிவிட வேண்டியதுதான். திறந்த குப்பி நம் குளிரில் அறையிலேயே நான்கு வாரம் தாங்கும். திறக்காததைக் குளிர்பெட்டியின் கதவுப் பகுதியில் வையுங்கள். உறைபெட்டிக்கு அருகில் வேண்டாம்.

கேள்வி: என் கணவர் தோட்டத் தொழிலாளி. மாத்திரை தீர்ந்துவிடக் கூடாதென்று ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுகிறார். பெரிய மாத்திரையைப் பாதியாகவும் உடைக்கிறார். சரியா, ஐயா? (குன்னூர் வாசகி)

பதில்: சரியில்லை, அம்மா. உடனே நிறுத்தச் சொல்லுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் தோட்டத்தில் வேலை செய்யும் ஓர் அம்மா தம் மாத்திரை அட்டைகளை என் முன்னால் பரப்பி வைத்தார். மாதம் முடிய இரண்டு நாள்தான் இருந்தது. அட்டையில் 14 மாத்திரை மீதம். மழைக்காலத்தில் கூலி குறையும் என்று ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்கியிருக்கிறார். அன்று அவருடைய இரத்த அழுத்தம் 190ஐத் தாண்டியிருந்தது. அவர் மிச்சம் பிடித்தது இருபது முப்பது ரூபாய்தான் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வேதனையாக இருக்கிறது. இரத்த அழுத்தத்துக்கான ஆம்லோடிபின் போன்ற மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம். வெளியே வாங்கினாலும் மலிவானது.

மாத்திரையை உடைப்பது பற்றி: நடுவில் கோடு இருந்து, மருத்துவரும் சொல்லியிருந்தால் உடைக்கலாம். பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., இ.ஆர்., எக்ஸ்.ஆர். என்று இருந்தால் உடைக்கவே கூடாது. மெதுவாக வெளிப்பட வேண்டிய மருந்து ஒரேயடியாக வெளிப்பட்டுவிடும். கையில் காசில்லாத மாதத்தில் அட்டை முழுவதும் வாங்க வேண்டியதில்லை. பத்து மாத்திரை மட்டும் வெட்டித் தரச் சொல்லலாம். வெட்டும்போது காலாவதித் தேதியும் தொகுதி எண்ணும் உள்ள பகுதி உங்கள் பக்கம் வரும்படி கேளுங்கள்.

மழைமாதங்களில் மாத்திரைகளை முன்கூட்டியே பிரித்து டப்பாவில் போட்டு வைப்பதையும் தவிருங்கள். டெல்மிசார்டான் ஈரத்தை இழுக்கும்; நம் மலைச் சாரலில் இரண்டு மூன்று நாளில் பொதபொதத்துப்போகும். விழுங்கும் நேரத்தில்தான் அட்டையிலிருந்து எடுக்க வேண்டும்.