பழைய டூம், புது இன்ஜின்: பதிவான சாதனையில் எது நியாயம்?

கேள்வி: 1993-ல் வந்த டூம் என்ற சுடும் வீடியோ கேமை இன்றைக்கு நவீன இன்ஜினில், அதாவது ஆட்டத்தை ஓட்டும் புது நிரலில், ஆடுகிறார்கள். விநாடிக்கு 144 ஃபிரேம், குறிபார்க்க உதவும் கிராஸ்ஹேர், திரைமேல் வரைபடம் எல்லாம் வைத்துக்கொண்டு ஸ்பீட்ரன், அதாவது மிக வேகமாக ஆடி முடிக்கும் ஓட்டம், பதிவு செய்கிறார்கள். பழைய டாஸ் இயங்குதளக் காலத்துச் சாதனைகளோடு இவற்றை ஒரே பட்டியலில் சேர்ப்பது நியாயமா?

பெரும்பாலான வசதிகளுக்கு என் பதில், நியாயம்தான். சில வசதிகளுக்குக் கொஞ்சமும் இடம் கொடுக்கக் கூடாது. எதை எந்தப் பக்கம் வைப்பது என்பதற்கு டூமின் பதிவுக் கோப்பே நல்ல அளவுகோலைத் தருகிறது. அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தாலே பாதிச் சண்டை அடங்கிவிடும்.

டூமில் டெமோ எனப்படும் இந்தப் பதிவுக் கோப்பு வீடியோ கிடையாது. ஆட்டம் விநாடிக்கு 35 டிக், அதாவது 35 சிறு காலத் துண்டுகள், என்ற கணக்கில் ஓடுகிறது. ஒவ்வொரு டிக்குக்கும் கோப்பில் நான்கே பைட்: முன்னே பின்னே எவ்வளவு, பக்கவாட்டில் எவ்வளவு, எவ்வளவு திரும்பினார், நான்காவதில் சுட்டாரா கதவைத் திறந்தாரா என்பது. சதுரங்கத்தில் நகர்வுகளை எழுதி வைப்பார்களே, அந்த மாதிரி. திரும்ப ஓடவிட்டால் இன்ஜின் அந்த உள்ளீடுகளை எடுத்து முழு ஆட்டத்தையும் மறுபடி கணக்கிடும். தற்செயல் என்று நமக்குத் தோன்றுவதெல்லாம் 256 எண்கள் கொண்ட ஒரு நிலையான அட்டவணையிலிருந்து வரிசையாக எடுக்கப்படுவதால், இம்ப் என்ற எதிரி எறியும் நெருப்புப் பந்து ஒவ்வொரு முறையும் அதே டிக்கில் அதே இடத்தில் வந்து விழும்.

இதனால் ஒரு பெரிய நன்மை உண்டு. ஆட்டத்தின் விதியில் இன்ஜின் ஒரு துளி மாற்றினாலும் பழைய டெமோ தடம் புரண்டுவிடும். ஆடுபவர் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பார், இல்லாத எதிரியைச் சுடுவார். 1997 டிசம்பரில் டூமை உருவாக்கிய ஐடி சாஃப்ட்வேர் மூலநிரலை வெளியிட்ட பிறகு வந்த இன்ஜின்கள் பல. அவற்றில் பிஆர்பூம்-பிளஸ், டிஎஸ்டிஏ-டூம் போன்றவை பழைய டெமோக்கள் பிசகாமல் ஓட வேண்டும் என்று பிடிவாதமாக உழைத்தவை. டூமின் 1.9 பதிப்புக்கு ஒரு இணக்க நிலை, அல்டிமேட் டூமுக்கு ஒன்று, ஃபைனல் டூமுக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். பழைய நிரலில் நினைவகம் வழிந்து நடந்த கோளாறுகளைக்கூட அப்படியே நடித்துக் காட்டுகிறார்கள். பிழையையும் காப்பாற்றும் இந்த அக்கறையைப் பார்த்தபின், ‘புது இன்ஜின்’ என்ற ஒரே காரணத்துக்காக ஒரு சாதனையைத் தள்ளிவைக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, 144 ஃபிரேம்? விதிகள் இன்றும் 35 டிக்கில்தான் ஓடுகின்றன. கூடுதல் ஃபிரேம்கள் இரண்டு டிக்குகளுக்கு நடுவே வழுவழுவென்று வரையப்படும் படங்கள் மட்டுமே. கோப்பில் ஒரு பைட்கூட மாறாது. கண்ணுக்கு உதவுகிறது என்பது உண்மை. ஆனால் அன்றைக்கே பென்டியம் வைத்திருந்தவர் பார்த்ததும், 386-ல் திணறித் திணறி ஆடியவர் பார்த்ததும் ஒன்றல்ல. திரைத் துல்லியத்துக்கும் இதே பதில். மூல நிரலின் வரம்புகளை நீக்குவது பற்றிய பதில் இன்னும் எளிது. மூல நிரலில் ஒரே நேரத்தில் 128 தள விரிப்புகளுக்கு (தரை, கூரைப் பரப்புகளுக்கு) மேல் வரைய நேர்ந்தால் ஆட்டம் பிழை காட்டி டாஸுக்கு விழுந்துவிடும். அந்த வரம்பை எடுத்துவிட்டால் பெரிய மேப் (ஆட்டக் கட்டம்) ஓடும், அவ்வளவுதான். ஆடுபவர் அதனால் வேகமாகிவிடுவதில்லை.

எப்போதும் ஓட்டத்திலேயே இருக்கும் வசதியை ஏமாற்று என்பவர்களும் உண்டு. டாஸ் காலத்திலேயே அமைப்புக் கோப்பைத் திறந்து ஜாய்ஸ்டிக் ஓட்டப் பொத்தானின் எண்ணை 31 என்று மாற்றினால் ஓட்ட விசையான ஷிஃப்டைத் தொடாமலே ஓடலாம். தெரிந்தவர்கள் எல்லாரும் செய்தார்கள். இன்று அது மெனுவில் ஒரு வரியாக வந்திருக்கிறது.

இனி எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடம். நேராக ஓடும்போது கோப்பில் முன்நகர்வு 50. பக்கவாட்டு விசையையும் சேர்த்துப் பிடித்தால் முன் 50, பக்கம் 40. இரண்டும் சேர்ந்து நேர் ஓட்டத்தைவிட ஏறத்தாழ 28 சதவீதம் வேகம். ஸ்ட்ரேஃப் மாற்று விசையையும் திருப்பு விசையையும் கூட்டினால் பக்கமும் 50 ஆகும், வேகம் 41 சதவீதம் கூடும். இதைத்தான் எஸ்ஆர்50 என்கிறார்கள். இதற்கு ஒரு விலை உண்டு. மாற்று விசை அழுந்தியிருக்கும்வரை திருப்பு விசையும் மவுஸும் பக்க நகர்வாகிவிடும், அதனால் திரும்பவே முடியாது. எங்கே எஸ்ஆர்50-ஐப் பிடிப்பது, எந்த மூலையில் விடுவது, திரும்பியதும் எத்தனை சீக்கிரம் மறுபடி பிடிப்பது என்பதுதான் டூம் ஸ்பீட்ரன் கலையின் உயிர்நாடி என்பேன்.

பிஆர்பூம்-பிளஸ்ஸில் எஸ்ஆர்50-ஐத் தானாகவே நிரந்தரமாக்கித் தரும் ஒரு அமைப்பு உண்டு. திரும்பும்போதும் அதைத் தொடரவைக்கலாம். சும்மா ஆடிப் பார்க்கவும், கருவிகளின் உதவியோடு கட்டிய டெமோ என்று அறிவித்துச் செய்யவும் நல்ல வசதி. அதைப் போட்டுக்கொண்டு சாதாரணச் சாதனை என்று கொடுத்தால் அது அநியாயம். கண்டுபிடிப்பதும் கஷ்டமில்லை. டெமோவை டிக் டிக்காகப் பிரித்துப் பார்த்தால் போதும். ஒரே டிக்கில் பக்கம் 50 என்றும் திருப்பம் பூஜ்யமில்லை என்றும் இருந்தால், மூல நிரலில் எந்தக் கையாலும் அதைச் செய்திருக்க முடியாது. என் முதல் கோடு இங்கேதான்: பழைய நிரலின் வழியாக ஒரு மனிதக் கை அனுப்பியிருக்க முடியாத உள்ளீடு கோப்பில் இருந்தால், பட்டியலில் இடமில்லை.

திருப்பத்தின் நுணுக்கமும் இதே வகைதான். 1.9 டெமோவில் திருப்பத்துக்கு ஒரு பைட்தான். 360 பாகையை 256 ஆக வெட்டினால் ஒரு படி கிட்டத்தட்ட 1.4 பாகை. பதிவு செய்யாமல் ஆடும்போது இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அதனால் பதிவைத் தொடங்கியதும் மவுஸ் கரடுமுரடாகிவிட்டது போல இருக்கும். பின்னால் வந்த நீள்வடிவம் 65,536 படிகள் தருகிறது. இரண்டையும் ஒன்றாக எடைபோடக் கூடாது. நல்லவேளையாகக் கோப்பின் முதல் பைட்டே காட்டிக்கொடுத்துவிடும்: 109 என்றால் 1.9, 111 என்றால் நீள்வடிவம். பழைய வடிவத்தில் பதிவு செய்பவர்கள் பயிற்சியையும் அதே கரடுமுரடான திருப்பத்தோடு செய்வார்கள், கை பழக வேண்டுமே.

இதற்கு நேர் எதிரான வேடிக்கை ஒன்றும் உண்டு. பழைய மெதுவான கணினியில் மேப் ஏறிக்கொண்டிருக்கும்போதே மவுஸை இழுத்தால், அந்த அசைவு மொத்தமும் முதல் டிக்கில் வந்து சேரும். புதுக் கணினியில் ஏற்றம் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுவதால் அந்த வாய்ப்பே போய்விட்டது. அதை ஈடுகட்ட, தொடக்கத்தில் சிறு கால இடைவெளி தரும் வசதியை இன்ஜினில் சேர்த்தார்கள். அந்தக் காலத்தவருக்கு இருந்ததைத் திருப்பிக் கொடுப்பது இது. எனக்கு ஆட்சேபணையே இல்லை.

கஷ்டமான பகுதி, தகவல் தரும் வசதிகள். இவை உள்ளீட்டில் தடம் பதிக்காது. எத்தனை எதிரி பாக்கி என்ற எண்ணிக்கை, எதிரியின் உயிர்ப்பட்டை, நிற்கும் இடத்தின் துல்லியமான ஆயங்கள், எதிரி குறியில் சிக்கியதும் நிறம் மாறும் கிராஸ்ஹேர். சாதாரண கிராஸ்ஹேர் பரவாயில்லை. துப்பாக்கி திரையின் நடுவில்தான் இருக்கிறது, மானிட்டரில் பொட்டு ஒட்டி ஆடியவர்களும் உண்டு. நிறம் மாறும் குறி வேறு விஷயம். டூமில் மேலும் கீழும் குறிபார்ப்பதை இன்ஜினே செய்கிறது. தூரத்து மேடையில் நிற்கும் எதிரியை அது பிடித்ததா இல்லையா என்பதைச் சுட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நிறம் மாறும் குறி அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. எல்லா எதிரிகளையும் கொன்று எல்லா ரகசியங்களையும் கண்டுபிடிக்க வேண்டிய யுவி-மேக்ஸ் பிரிவில் எண்ணிக்கையும் அப்படித்தான். பழைய ஆட்டத்தில் மேப் முடிந்தபின் வரும் திரையில்தான் 99 சதவீதம் என்று பார்த்து நொந்துபோவார்கள். ஆனாலும் எண்ணிக்கையை நான் அனுமதிப்பேன், ஏனென்றால் நன்றாகத் திட்டமிட்டு ஆடுபவருக்கு அதனால் ஒரு டிக்கூட மிச்சமாகாது. உயிர்ப்பட்டை, ஆயங்கள், நிறம் மாறும் குறி மூன்றையும் அனுமதிக்க மாட்டேன்.

இவற்றை மறைத்துவிட முடியாதா என்றால், அறிவிப்பு அங்கேதான் முக்கியமாகிறது. டிஎஸ்டிஏ-டூமில் கண்டிப்பு முறை என்று ஒன்று உண்டு. ஸ்பீட்ரனுக்கு ஆகாத வசதிகளை அது பூட்டிவிடும். அதோடு, ஆட்டத்தின்போது எந்தெந்த வசதிகள் இயங்கின என்ற குறிப்பையும் டெமோவின் அடியில் எழுதிவிடும். எழுதியவர்களை மனதாரப் பாராட்ட வேண்டும். நேர்மையாக ஆடுபவர் தன்னை நிரூபிக்க இதைவிட நல்ல துணை இல்லை.

ஆட்டத்தைப் பின்னோக்கி ஓட்டும் வசதியைப் பற்றியும் கேட்பார்கள். பயிற்சிக்கு எவ்வளவு வேண்டுமானாலும் பயன்படுத்தட்டும். டூமின் முதல் மேப்பான இ1எம்1-ல் 1998-ல் பதிவான 9 விநாடி, 2019-ல்தான் 8 ஆனது. இருபது ஆண்டுகளாக அந்த ஒரு விநாடியைத் துரத்தியவர்களிடம் போய், வீட்டில் எந்தக் கருவியோடு பழகினாய் என்று கேட்பதில் அர்த்தமில்லை. பதிவான அந்த ஓட்டம் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே மூச்சில் ஆடியதா என்பதுதான் கேள்வி. நடுவில் வெட்டி, பாதி டெமோவிலிருந்து தொடர்ந்திருந்தால் அது கட்டிய டெமோ. அதற்கும் மரியாதை உண்டு, தனிப் பிரிவில்.

ஜிஇசட்டூம் என்ற இன்ஜினை மட்டும் முழுக்கத் தனியாக வைக்க வேண்டும். குதிக்கலாம், அண்ணாந்து பார்க்கலாம், எதிரிகளின் தலைக்கு மேல் கடந்து போகலாம். மூல டூமில் எதிரிகளுக்கு உயரம் முடிவில்லாதது. பள்ளத்தில் நிற்கும் பிங்கி என்ற எதிரியும் மேலே மேட்டில் போகும் உங்கள் வழியை மறிப்பான். விதியே மாறிய பிறகு நேரத்தை ஒப்பிட ஒன்றுமில்லை. ரசித்து ஆட அருமையான இன்ஜின், அது வேறு.

இப்போது உங்களிடம் யாராவது ஒரு சாதனையைக் காட்டினால் யூடியூப் வீடியோவை வைத்து வாதாட வேண்டாம். எல்எம்பி கோப்பை, அதாவது டெமோவை, கேளுங்கள். வெனிலா மேப்பாக, அதாவது மூல நிரலிலேயே ஓடக்கூடியதாக, இருந்தால், பழைய நிரலை அதன் வரம்புகளோடு அப்படியே பின்பற்றும் சாக்லெட் டூம் என்ற இன்ஜினில் ஓடவிடுங்கள். கடைசிவரை பிசகாமல் ஓடி வெளியேறும் விசையைத் தட்டினால், விதி மாறவில்லை என்பது உறுதி. அப்புறம் பக்கம் 50-ஓடு திருப்பமும் சேர்ந்து உள்ள டிக்குகளைத் தேடுங்கள், அடியில் உள்ள வசதிக் குறிப்பைப் படியுங்கள். மூன்றிலும் சிக்கல் இல்லையென்றால், அவர் 4கே மானிட்டரில் ஆடினாரா 14 அங்குலப் பெட்டியில் ஆடினாரா என்று பார்க்காமல் 1994-ன் பெயர்களுக்குப் பக்கத்திலேயே அவர் பெயரையும் எழுதலாம்.